ரப்பாயியின் கொழப்பமில்ல

மூட்டையின் வாயைப் பிரித்துவிட்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் புருஷனைப் போல நின்றுகொண்டிருந்தார் குண்டூர் மிளகாய்த் தரகர். கடைக்காரர் ரப்பாயி முழங்கை வரை மூட்டைக்குள் கையை விட்டார். மேலே இருப்பதைப் பார்த்து வாங்குகிறவன் திருச்சூர் அரியங்காடிச் சந்தையில் கடை வைத்திருக்க மாட்டான். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒன்றை ஒடித்து, முகர்ந்து, ஒரு விதையை நாக்கு நுனியில் வைத்தார். கண்ணில் நீர் முட்டியது. இப்படியொரு மிளகாய் அந்தக் கடைக்குள் வந்து வருஷக்கணக்காகிவிட்டது.

"கொழப்பமில்ல" என்றார் ரப்பாயி.

தரகர் அந்த அங்காடிக்குப் புதுசு. முகம் தொங்கிப்போய், யாரும் கேட்காமலேயே விலையை ஒரு படி இறக்கினார். ரப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த விலையும் கொழப்பமில்ல என்றார்.

தமிழில் குழப்பமில்லை என்றால் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். திருச்சூரில் அந்த வார்த்தைக்குள் தெளிவைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். காய்ச்சல் விட்டாலும் கொழப்பமில்ல, கல்யாணச் சாப்பாடு அமிர்தமாக இருந்தாலும் கொழப்பமில்ல, பையன் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தாலும் கொழப்பமில்ல. ஊர் முழுக்க அப்படித்தான் என்றாலும் ரப்பாயி அந்த வார்த்தைக்கு மொத்த வியாபாரி. அவருடைய பையன் ஷின்டோ பிறந்தபோது நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினாள். ரப்பாயி குனிந்து பார்த்தார், காதைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், "கொழப்பமில்ல" என்றார். அந்த நர்ஸ், பாவம், கோட்டயத்துக்காரி. "கொழப்பம் இருந்தா மாத்தித் தரவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவருடைய அப்பன் அவருக்கு விட்டுப்போன முதலே அதுதான். பிடித்த சரக்கைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் விலை ஏறும், சொல்லாதே. ரப்பாயி சொன்னதில்லை. சரக்கிடமும் சொன்னதில்லை, சம்சாரத்திடமும் சொன்னதில்லை.

அந்த ஷின்டோவுக்குத்தான் ஒல்லூரில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் டின்ஸி. அப்பா பௌலோஸ், இந்தூரில் டயர் கடை வைத்திருந்துவிட்டு, கடையை விற்று ஊரோடு வந்து வீடு கட்டியவர். டின்ஸி பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தூர். அங்கே தண்ணீர் கொண்டுவந்து வைத்தால்கூட ஆகா ஓகோ என்பார்களாம். இப்போது திருச்சூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள். முட்டிவலிக்காரர்களை மடக்கி நீட்டி எழுப்பி நடக்கவிடுகிற கை. ஷின்டோ அவளோடு ஏற்கனவே நாலைந்து தரம் காபி குடித்திருந்தான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி போய்ப் பெண் பார்த்தார்கள்.

டின்ஸி கட்லெட் பண்ணியிருந்தாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பூவாக மாட்டிறைச்சி, மிளகுக் காரம் அடித்தொண்டையில் வந்து கதவைத் தட்டுகிறது. ரப்பாயி ஒன்று எடுத்தார். பேச்சோடு பேச்சாக இரண்டாவது போயிற்று. மூன்றாவதை யாரும் பார்க்காதபோது எடுத்தார். நாலாவதை எல்லாரும் பார்க்கும்போதே எடுத்தார்.

"எப்படி அங்கிள் இருக்கு? நானே பண்ணினது" என்றாள் டின்ஸி.

"கொழப்பமில்ல" என்றார் ரப்பாயி, வாய் நிறைய.

அவள் முகத்தில் ஒரு விளக்கு அணைந்ததை ரப்பாயி கவனிக்கவில்லை. தட்டில் ஐந்தாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பௌலோஸ் வீட்டைச் சுற்றிக் காட்டினார். வீடும் கொழப்பமில்ல. விடைபெறும்போது வாசலருகில் பௌலோஸ், "அப்ப எங்க பொண்ணு? ரப்பாயேட்டனுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். ரப்பாயியின் நெஞ்சுக்குள் மாதா கோவில் பெருநாள் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது. இந்தப் பெண்ணை விட்டால் தன் பையனுக்கு வேறு பெண் இல்லை என்று இரண்டாவது கட்லெட்டிலேயே தீர்மானித்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, "கொழப்பமில்ல" என்றார்.

பௌலோஸுக்குச் சந்தோஷம். அவரும் இந்த ஊர்க்காரர், வியாபாரி. சரக்கு பிடித்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. வராந்தாத் தூணருகில் நின்றிருந்த டின்ஸிக்குப் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஷின்டோ கடைக்குள் வந்தான். மிளகாய் நெடிக்குப் பயந்து கடைப்பக்கமே வராதவன். தும்மவில்லை. அதிலேயே ரப்பாயிக்கு விஷயம் பெரியது என்று தெரிந்தது.

"அவ வேண்டாங்கிறா அப்பா."

"யாரு? எதை?"

"டின்ஸி. என்னை இல்ல, நம்ம வீட்டை. 'உங்கப்பாவுக்கு என்கிட்ட ஒரு கொழப்பமும் தெரியலயாம், ரொம்ப சந்தோஷம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்ற மாதிரி சொன்னார். நான் ஆயுசு முழுக்கச் சமைச்சுப் போட்டு, பிள்ளை பெத்து, கடைசியில என் சவப்பெட்டிமேல மண்ணு போடுறப்பவும் கொழப்பமில்லன்னு கேக்கணுமா? எனக்கு வேண்டாம்'னுட்டா."

"நான் நல்லதுதானேடா சொன்னேன்?"

"அது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நாலு கட்லெட் தின்னேனே! அதைவிட என்ன சொல்லணும்?"

ஷின்டோ மூட்டைமேல் உட்கார்ந்தான். சின்ன வயதில் பட்டம் அறுந்து போனபோது உட்கார்ந்த அதே மாதிரி. ரப்பாயிக்கு நெஞ்சில் எங்கோ மிளகாய் விதை சிக்கியது.

வீட்டுக்குப் போய் மனைவி ரோசிலியிடம் முறையிட்டார். ரோசிலி மீன்கறிக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு அறிவிருக்கு" என்றாள், கத்தியை நிறுத்தாமல். "எனக்கு அந்த வயசுல இல்லாம போச்சு."

"உனக்கு என்னடி குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல, ஒரு கொழப்பமும் இல்ல. என்னைப் பெண் பார்த்துட்டுத் தரகன்கிட்ட என்ன சொன்னீங்க? அதை அந்த ஆளு வந்து என்னைப் பெத்த அம்மச்சிகிட்ட சொல்ல, அம்மச்சி ஒரு வாரம் அழுதா. 'மாப்பிள்ளைக்கு அரைமனசு'ன்னு." ரோசிலி மாங்காய்த் துண்டுகளைச் சட்டியில் போட்டாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒல்லூருக்குப் போறோம். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து நீங்க நல்லதா நாலு வார்த்தை சொல்றீங்க. இல்லன்னா அவன் காலத்துக்கும் அந்த மூட்டைமேலயே உக்காந்திருப்பான்."

"சொல்லலாம். சொல்ல என்ன இருக்கு?"

"இப்ப சொல்லிப் பழகுங்க. இந்தக் கறியை வச்சு."

கறி கொதித்து இறங்கியது. ரப்பாயி சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மாங்காய்ப் புளிப்பும் தேங்காய்ப்பாலும் கைகோத்துக்கொண்டு உள்ளே இறங்கின. வாயைத் திறந்தார். கொழ என்று தொடங்கிய நாக்கைக் கடித்து நிறுத்தினார். நெற்றி வேர்த்தது. செருப்புக் கடையில் சின்ன அளவுச் செருப்புக்குள் மாட்டிக்கொண்ட காலை உருவுவது போல அந்த வார்த்தையை வாய்க்குள்ளிருந்து இழுத்தார்.

"நல்லா... இருக்குடி."

ரோசிலி சட்டென்று சட்டியை இழுத்து ஒரு விரலால் தொட்டு நக்கினாள். "ஏன்? உப்பு கூடிடுச்சா?"

"இல்லடி, நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்."

"மீன் பழசா? உண்மையைச் சொல்லுங்க மனுஷா, அந்த மீன்காரன் தலையில கொட்டிட்டு வரேன்."

இதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அங்காடியில் எதிர்க்கடை தேவஸிதான் வழி காட்டினான். தேங்காய் எண்ணெய் வியாபாரி, ரப்பாயியோடு ஒரே பெஞ்சில் படித்துத் தோற்றவன். "நீ ஏன் இஷ்டா, வார்த்தை இல்லாம தவிக்கிற?" என்றான், அந்த ஊரில் சிநேகிதனைக் கூப்பிடுகிற மாதிரி. "உன்கிட்ட இல்லாத வார்த்தையா? போன வாரம் அந்த ஹோட்டல்காரன்கிட்ட பூஞ்சை பிடிச்ச மல்லியை என்னென்ன சொல்லித் தள்ளின! நான் எதிர்ல நின்னு கேட்டேன். எனக்கே வாங்கணும்னு தோணிச்சு. அந்த நாக்கைக் கொண்டு போ. வாங்குற நாக்கை வீட்ல வச்சிட்டுப் போ."

ரப்பாயிக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. ஆமாம், விற்கும்போது அவருக்கு வார்த்தைப் பஞ்சமே வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒல்லூர் போனார்கள். பௌலோஸும் அவர் மனைவி மெர்சியும் முகம் கொள்ளாத சிரிப்போடு வரவேற்றார்கள். மகள் முரண்டு பிடிப்பதில் அவர்களுக்கும் கவலைதான். டின்ஸி வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஷின்டோ தரையைப் பார்த்தான். ரோசிலி புருஷனின் தொடையை ஒரு இடி இடித்தாள்.

ரப்பாயி தொண்டையைக் கனைத்தார்.

"பௌலோஸேட்டா, உங்க பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். முதல் தரம்! இந்த மாதிரி ஒண்ணு இந்த சீசன்ல மார்க்கெட்டுக்கே வரல. நிறம் பாருங்க! கலப்படம்ங்கிற பேச்சே கிடையாது. எத்தனை வருஷம் வச்சாலும் கெடாது. வீட்டுக்குக் கொண்டு போனா நீங்களே வந்து என்னை வாழ்த்துவீங்க. இன்னிக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காது. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போகலாம்!"

மூச்சு வாங்க நிறுத்தினார்.

மெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஷின்டோ தரைக்குள் போக வழி தேடினான். ஆனால் எல்லாரையும்விட மாறிப்போயிருந்தது பௌலோஸின் முகம். சிரிப்பு மெல்லக் கீழே இறங்கி, மேஜைக்கு அடியில் போய்விட்டது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"ரப்பாயேட்டா. போன தடவை கொழப்பமில்லன்னு சொன்னீங்க. நான் நிம்மதியா தூங்கினேன். இப்ப இவ்வளவு சொல்றீங்க." குரலைத் தாழ்த்தினார். "பையனுக்கு என்ன?"

"என்னது?"

"நான் டயர் வித்தவன். புது டயருக்கு நான் வாயே திறக்க மாட்டேன். வந்து பார்த்து எடுத்துட்டுப் போவான். ஒட்டுப்போட்ட டயரைத் தள்ளுறப்பதான் நானும் இப்படிப் பேசுவேன். வாங்குற ஆளு சரக்கைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்ல. உங்க பக்கம் ஏதோ இருக்கு. எதையோ என் தலையில கட்டப் பாக்கறீங்க. பையனுக்கு வலிப்பா? வேற கல்யாணமா? இப்பவே சொல்லிடுங்க."

"மாதாவே!" என்றாள் ரோசிலி.

ஷின்டோ எழுந்து நின்றான். "அங்கிள், எனக்கு ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரிலயே டெஸ்ட் எடுத்துக்கலாம்" என்றான். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

ரப்பாயி உட்கார்ந்த இடத்தில் கரைந்துகொண்டிருந்தார். வாங்குகிற நாக்கு மகளைக் கெடுத்தது. விற்கிற நாக்கு அப்பனைக் கெடுத்தது. மூன்றாவது நாக்கு ஒன்று கர்த்தர் அவருக்குக் கொடுக்கவில்லை. இடிந்துபோய் மகனைப் பார்த்தார். பையனுக்காகத்தானே வந்தோம், அவனையே ஒட்டுப்போட்ட டயராக்கிவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை மிளகாய் இல்லை.

அதுவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் டின்ஸி மட்டும்தான். முட்டியை அழுத்தி, எங்கே வலிக்கிறது என்று முகத்தில் தேடுகிற பார்வை.

"அங்கிள், ஒண்ணு கேக்கறேன். யோசிக்காம சொல்லணும். ஷின்டோ எப்படி?"

ரப்பாயி நிமிர்ந்தார். தேவஸி இருந்திருந்தால் கத்தியிருப்பான்: விற்க வேண்டிய சரக்கு அதுதான் இஷ்டா, அதைப் புகழ்! ஆனால் அந்த நேரத்தில் நர்ஸ் துணியை விலக்கிக் காட்டிய காதும் விரல்களும்தான் ரப்பாயியின் கண்முன் வந்தன.

"கொழப்பமில்ல" என்றார். குரல் உடைந்திருந்தது.

"ஷின்டோவோட அம்மச்சி?"

ரோசிலி பக்கம் திரும்பக்கூட இல்லை. "கொழப்பமில்ல."

"அம்மச்சியோட மீன்கறி?"

"கொழப்பமில்ல."

"உங்க கடையில இருக்கிற மல்லி?"

"ஏ ஒன்! வாசனை தெருமுனை வரைக்கும் வரும் மோளே, கல்லு மண்ணு ஒண்ணு காட்டிட்டா கடையை எழுதித் தரேன்..." ரப்பாயி பாதியில் நின்றார்.

டின்ஸி சிரிக்கத் தொடங்கியிருந்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. "பூஞ்சை பிடிச்சதாமே? ஷின்டோ சொன்னான்."

"கொஞ்சம்" என்றார் ரப்பாயி. "ஓரத்துல."

"அப்ப, கையை விட்டுப் போகணும்னு நினைக்கிறதுக்குத்தான் உங்ககிட்ட இவ்வளவு புகழ்ச்சி. யாருக்கும் குடுக்க மனசு வராததெல்லாம் கொழப்பமில்ல."

ரப்பாயி யோசித்துப் பார்த்தார். இத்தனை வயதுவரை தன் சொந்தக் கடையில் இருந்த சரக்கை அவரே இப்படி அடி மூட்டை வரை கைவிட்டுப் பார்த்ததில்லை. "இருக்கும் மோளே" என்றார்.

ரோசிலி கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள். அவளும் இப்போதுதான் பார்க்கிறாள் போலிருந்தது.

பௌலோஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தார். "அப்ப பையனுக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்ல பௌலோஸேட்டா. மிளகாய் நெடி ஆகாது. அவ்வளவுதான்."

"ஆனா அங்கிள்," டின்ஸி சிரிப்பை மடித்து வைத்தாள், "எனக்கு இப்ப புரிஞ்சுடுச்சுங்கிறதுக்காக விட்டுட முடியாது. தெரிஞ்சாலும் காதால கேக்கணும்னு எனக்கு ஆசை இருக்கும். தினமும் ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லணும்."

"தினமுமா!" ரப்பாயி அலறினார். "நாக்கு தாங்காது மோளே. கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை."

"சரி, அப்ப வேண்டாம்" என்று டின்ஸி எழுந்தாள். கதவுப்பக்கம் நடந்தாள். நடையில் அவசரம் இல்லை. கூப்பிடுவதற்கு இடம் விட்டு நடக்கிற நடை.

ரப்பாயியின் முகம் மலர்ந்தது. கடைவாசல் வரை போய்த் திரும்புகிற இந்த வித்தையை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். பள்ளிக்கூடம் விட்டுவந்து அப்பனின் டயர் கடையில் உட்கார்ந்த பெண்ணாகத்தான் இருப்பாள் இவள்! "நில்லு, நில்லு. பெருநாளையும் சேர்த்துக்கோ."

"வாரத்துக்கு ரெண்டு."

"மாசத்துக்கு ஒண்ணு. விஷயத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன்."

"ஞாயித்துக்கிழமை ஒண்ணு. பூசை முடிஞ்சு வந்ததும். பாவமன்னிப்புக் கேட்ட வாயோட சொன்னா சுத்தமா இருக்கும்."

"எனக்கும் சேர்த்துப் பேசு மோளே" என்றாள் ரோசிலி. "எனக்குப் பழைய பாக்கியும் இருக்கு."

"பழைய பாக்கி தள்ளுபடி" என்றார் ரப்பாயி அவசரமாக. "ஞாயித்துக்கிழமை, ஆளுக்கு ஒண்ணு. இதுக்கு மேல கேட்டா எனக்குக் கட்டுப்படி ஆகாது."

"முன்பணம்?" என்று கை நீட்டினாள் டின்ஸி. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்."

ரப்பாயி சுற்றிலும் பார்த்தார். தப்ப வழியில்லை. பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "அன்னிக்குக் கட்லெட்... நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா. அஞ்சாவது இல்லையேன்னு வீட்டுக்குப் போய் வருத்தப்பட்டேன்."

கண்ணைத் திறந்தபோது டின்ஸி சிரிக்கவில்லை. கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே போய், மூடிவைத்திருந்த ஒரு தட்டோடு வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தே காலையில் பொரித்து வைத்திருக்கிறாள். ரப்பாயி அதைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் ஒன்றை எடுத்தார். பிடித்ததைக் காட்டிக்கொள்ளாத அந்த வாங்குகிற நாக்கை இதிலாவது அவருக்கு விட்டுவைக்க வேண்டும்.

"மோளே," என்று பௌலோஸ் மகளைக் கேட்டார், "கடைசியா கேக்கறேன். பையனைப் பத்தி உனக்கு என்ன தோணுது?"

டின்ஸி ஷின்டோவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"கொழப்பமில்ல."

திரும்பி வரும்போது ஷின்டோதான் கார் ஓட்டினான். ஒல்லூர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தான். "அப்பா, அவ என்னை அப்படிச் சொன்னது... நல்ல அர்த்தத்துலதானே?"

"அதை நீயே காலத்துக்கும் கண்டுபிடிச்சுக்கிட்டே இருடா" என்றார் ரப்பாயி. பின் சீட்டில் ரோசிலிக்குப் பக்கத்தில் வயிறு நிறைய உட்கார்ந்திருந்தார். அவளுக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. பேசிய வியாபாரத்தில் பின்வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"இந்த நீலப் புடவையில நீ நல்லா இருக்கடி ரோசிலி. பார்த்தா யாரும் வயசு சொல்ல மாட்டாங்க."

ரோசிலி மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். சந்தேகத்தோடு கண்ணைச் சுருக்கினாள்.

"எதுக்கு மனுஷா? என்னை யார் தலையில கட்டப் போறீங்க?"

ரப்பாயி சிரித்த சிரிப்பில் ஷின்டோ வண்டியை ஓரம் கட்டினான். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து ஓய்ந்தபிறகு ரப்பாயி அவள் முந்தானையை ஒரு பிடி எடுத்து, மிளகாயைப் பார்ப்பது போல விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"கொழப்பமில்லடி" என்றார்.

"ம்" என்றாள் ரோசிலி. முந்தானையை அவர் கையிலிருந்து இழுக்கவில்லை.